கரை ஒதுங்கிய குருணைக்கு யார் பொறுப்பு?

2025 மே மாதத்தின் கடைசி நாட்களில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளில் மூட்டைகள் ஒதுங்கின. முழுசாக வந்தவை சில. அலையில் அடிபட்டுக் கிழிந்து வந்தவை சில. கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியது, தண்ணீர் ஏறி இறங்கும் கோட்டில் வெள்ளைக் கரை போட்டதுபோல நீளமாகப் படிந்து கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நுரை என்றுதான் தோன்றும். நுரை வெயில் ஏறினால் வற்றிவிடும். இது வற்றாது. பிறகு தனுஷ்கோடிக் கரையிலும் இதே மணிகள் வந்து சேர்ந்தன. ஜூன் மாதம் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னார்த் தீவிலும் இவை ஒதுங்கின.

கையில் எடுத்துப் பார்த்தால் அசல் ஜவ்வரிசி. அதே உருண்டை, அதே பால் வெள்ளை. விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மட்டும் மசியாது. இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நர்டில். பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்கள் கிரானுல்ஸ் என்பார்கள். குருணை என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். குடம், மூடி, பைப்பு, பால் பாக்கெட், பொம்மை எதுவானாலும் முதலில் இந்தக் குருணையாகத்தான் பிறக்கிறது. பெட்ரோகெமிக்கல் ஆலையில் இதைச் செய்து, 25 கிலோ மூட்டைகளில் கட்டி, கன்டெய்னரில் ஏற்றி, உலகம் முழுக்க உள்ள பட்டறைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே உருக்கி அச்சில் ஊற்றினால் பொருள் தயார்.

ஒரு மணியின் எடை சுமார் 20 மில்லிகிராம். அப்படியானால் கிலோவுக்கு 50 ஆயிரம் மணிகள். ஒரே ஒரு மூட்டை கிழிந்தால் பன்னிரண்டரை லட்சம் மணிகள் கடலில். அவ்வளவையும் மணலிலிருந்து பிரித்தெடுக்க மனிதர்களிடம் இருக்கும் கருவி எது? சல்லடை, முறம், வாளி. வாளித் தண்ணீரில் ஒரு கை மணலைப் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், மணி மேலே மிதக்கும். மிதப்பதை வடிகட்டி எடுக்க வேண்டும். பிறகு அடுத்த கை மணல். கிலோமீட்டர் கணக்கில் நீளும் கடற்கரையை இப்படித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு அலை வந்து மணலை மூடிவிட்டால், அடியில் போன மணிகள் அடுத்த அரிப்பில் திரும்ப மேலே வரும்.

மீனுக்கும் பறவைக்கும் இது முட்டைபோலத் தெரிகிறது. விழுங்கிவிடுகின்றன. வயிறு நிறைந்த உணர்வு வருகிறது, சத்து எதுவும் சேர்வதில்லை. இன்னொரு கேடும் உண்டு. கடல் நீரில் கரைந்து திரியும் பழைய பூச்சிக்கொல்லி, மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றின் நச்சை இந்த மணி தன்மேல் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். டோக்கியோ வேளாண்மை-தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிதேஷிகே தகடா இந்தக் குணத்தையே ஓர் ஆய்வுக் கருவியாக்கினார். 2005-ல் அவர் உலக மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்க் கடற்கரையில் கிடக்கும் மணிகளைப் பொறுக்கி, ஓர் உறையில் போட்டு எனக்குத் தபாலில் அனுப்புங்கள். பல கண்டங்களிலிருந்தும் உறைகள் வந்தன. அவற்றைச் சோதித்து, எந்தக் கடலோரத்தில் எந்த நச்சு எவ்வளவு என்று வரைபடம் போட்டார்கள். அரசுகளின் கையெழுத்து எதுவும் இல்லாமல், தபால் தலை ஒட்டியே நடந்த பன்னாட்டு ஒத்துழைப்பு அது. எனக்கு அந்த முயற்சியின்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

கன்னியாகுமரிக்கு வந்த மணிகள் எங்கிருந்து வந்தன என்பதில் ஒளிவுமறைவு இல்லை. எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. லைபீரியக் கொடி, 1997-ல் கட்டிய பழைய கப்பல், 640 கன்டெய்னர்கள். மே 24 அன்று கொச்சிக்கு ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் ஒருபக்கம் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. இருந்த 24 பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த ஆண்டு கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கத்துக்கு முன்பே, அதே மே 24 அன்று, தொடங்கிவிட்டது. அந்தப் பருவத்தில் மேற்குக் கரையோரமாக நீரோட்டம் தெற்கே ஓடும். குமரி முனையைத் தாண்டியதும் கிழக்கே திரும்பி இலங்கையை நோக்கிப் போகும். கடலோர மக்கள் கச்சான் என்று சொல்லும் காற்றும் கூடவே தள்ளும். கொச்சியில் விழுந்தது குமரிக்கும், தனுஷ்கோடிக்கும், மன்னாருக்கும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். மன்னார் வளைகுடா வேறு எப்படிப்பட்ட இடம்! 21 தீவுகள் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா, பவளப்பாறைகள், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல். அதன் ஒரு கரை நம்முடையது, மறுகரை இலங்கையுடையது.

மன்னார் மக்களுக்குக் குருணை புதிதாக இருந்திருக்கலாம். இலங்கைக்குப் புதிதல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த நாடு இதைவிடப் பல மடங்கு பெரிய அழிவைப் பார்த்திருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கடல் மாசைத் தடுக்க நாடுகள் ஒன்றுசேர வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது எந்த இடத்தில் உண்மையில் தேவைப்படுகிறது என்பது அதில் தெரிகிறது.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் சிங்கப்பூர்க் கொடி பறந்த கப்பல். கட்டிச் சில மாதங்களே ஆன புத்தம் புதுக் கப்பல். 2021 மே மாதம் அதில் 1,486 கன்டெய்னர்கள் இருந்தன. 81-ல் ஆபத்தான சரக்கு. அவற்றில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசியத் தொடங்கியது. கப்பல்காரர்கள் இதைக் கவனித்து, கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் பிறகு குஜராத்தின் ஹசிராவிலும் அந்தக் கன்டெய்னரை இறக்க அனுமதி கேட்டார்கள். அதைக் கையாளும் வசதியோ ஆட்களோ இல்லை என்ற பதில்தான் வந்தது. கசியும் அமிலத்தோடு கப்பல் ஹசிராவிலிருந்து புறப்பட்டு மே 19 அன்று கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டது. மறுநாள் தீ. இலங்கைக் கடற்படையோடு இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் சேர்ந்து பல நாள் தண்ணீர் அடித்தன. மே 25-ல் வெடிப்பு; 25 மாலுமிகளும் வெளியேற்றப்பட்டார்கள். ஜூன் 2-ல் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லும்போது கப்பலின் பின்பகுதி தரைதட்டியது. பிறகு மெல்ல மெல்ல மூழ்கியது.

அதிலிருந்து கடலில் சேர்ந்த குருணை சுமார் 1,680 டன். மேலே சொன்ன கணக்கில் பெருக்கிப் பாருங்கள்: எட்டாயிரம் கோடிக்கு மேல் மணிகள். ஒரே விபத்தில் இவ்வளவு பிளாஸ்டிக் கடலில் கலந்ததாக அதற்கு முன் பதிவில்லை என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொன்னது. நீர்கொழும்புக்கு அருகே சரக்குவக் கடற்கரையில் குருணை மணலுக்கு மேல் அடுக்காகப் படிந்து கிடந்தது. எரிந்து கருகி ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகளும் அதனுடன் கிடந்தன. நானூறுக்கு மேற்பட்ட கடலாமைகளும், டால்பின்களும், திமிங்கிலங்களும் செத்துக் கரை ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். தடையில்லாத இடத்தில் பிடித்த மீனையும் மக்கள் வாங்கப் பயந்தார்கள். கப்பலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மீனவர் வீட்டு அடுப்பில் உலை ஏறவில்லை.

இப்போது கேள்வி: இதற்கு யார் பொறுப்பு?

கேட்க எளிய கேள்விதான். பதில் தேடப் போனால் நாடு நாடாகச் சுற்ற வேண்டும். கப்பல் பறக்கவிடும் கொடி ஒரு நாட்டுடையது. சொந்தக்கார நிறுவனம் ஒரு நாட்டில், கப்பலை இயக்குபவர் இன்னொரு நாட்டில் இருக்கலாம். மாலுமிகள் நாலைந்து நாட்டுக்காரர்கள். சரக்கு ஒருவருடையது, கன்டெய்னர் வேறொருவருடையது. காப்பீடு பெரும்பாலும் லண்டனில். இவ்வளவு பேரும் சேர்ந்து நடத்தும் தொழிலில் ஒரு தவறு நடந்தால், அதைச் சுமப்பது இவர்களில் யாரையும் தெரியாத ஒரு கடற்கரை ஊர்.

கப்பல் விபத்துக்கு நஷ்டஈடு எவ்வளவு என்பதற்கு ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் இருக்கிறது. 1976-ல் எழுதி, 1996-ல் திருத்திய கடல்சார் பொறுப்பு வரம்பு ஒப்பந்தம். அதன்படி கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்சத்தொகை உண்டு. அந்தத் தொகையைக் கப்பலின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நடந்த சேதம் எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. கப்பல் தொழில் துணிந்து நடக்கவும், காப்பீடு கிடைக்கவும் இப்படி ஒரு வரம்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு நியாயம் இருந்த காலம் உண்டு. ஆனால் அது எங்கே கொண்டுவிடுகிறது என்று பாருங்கள். எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் லண்டன் நீதிமன்றம் 2023-ல் நிர்ணயித்த வரம்பு சுமார் 1.9 கோடி பவுண்டு. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று கட்டச் சொன்ன தொகை 100 கோடி அமெரிக்க டாலர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நாற்பது மடங்கு வித்தியாசம். கப்பலின் உடைந்த பாகங்களை எடுக்கவும், கரையைச் சுத்தம் செய்யவும், மீனவர்களுக்குக் கொடுக்கவும் தாங்கள் ஏற்கெனவே 17 கோடி டாலர் செலவிட்டுவிட்டதாகக் கூறிய நிறுவனம், இந்தத் தொகையைக் கட்ட மறுத்தது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு நாட்டில் இருக்கும் நிறுவனத்தின் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

கேரளம் வேறு வழியில் போனது. எல்சா 3 விபத்துக்காக 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கடல்சார் சட்டத்தில் கப்பலைக் கைது செய்யலாம். மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. அதே குழுமத்தைச் சேர்ந்த வேறு கப்பல் நம் துறைமுகத்தில் நின்றால் அதைப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. விழிஞ்ஞத்தில் நின்ற எம்.எஸ்.சி. அகிடெட்டா 2 என்ற கப்பலை நீதிமன்றம் அப்படித்தான் நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பரில் 1,227 கோடியே 62 லட்சம் ரூபாய் பிணைத்தொகையாகக் கட்டச் சொன்னது. பெரிய துறைமுகமும் உலகக் கப்பல்கள் வந்துபோகும் பாதையும் இருப்பதால் கேரளத்துக்கு இந்தப் பிடி கிடைத்தது. அப்படி ஒரு துறைமுகம் இல்லாத குட்டித் தீவு நாட்டுக்கு என்ன பிடி இருக்கிறது? நியாயம் கிடைப்பது துறைமுகத்தின் அளவைப் பொறுத்தது என்றால் அது நியாயமே அல்ல. அதனால்தான் எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி வேண்டும் என்கிறோம்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. அதுவும் லைபீரியக் கொடிதான். மாலுமிகள் இத்தாலியர்கள், உரிமையாளர் பெர்முடாவில் பதிவான நிறுவனம், எண்ணெய் பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் போக வேண்டியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். என்ன செய்வதென்று தெரியாமல் பிரிட்டிஷ் அரசு விமானத்திலிருந்து குண்டு போட்டு எண்ணெயை எரிக்கப் பார்த்தது. பிரிட்டன், பிரான்ஸ் இரண்டு நாட்டுக் கரைகளும் நாசமாயின. யாரிடம் எவ்வளவு கேட்பது என்று அன்றைக்கு எந்தச் சட்டத்திலும் தெளிவில்லை. இன்று குருணைக்கு நாம் நிற்கும் அதே இடத்தில் அன்று எண்ணெய்க்கு அவர்கள் நின்றார்கள்.

நாடுகள் உட்கார்ந்து பேசின. 1969-ல் ஓர் ஒப்பந்தம் வந்தது: டேங்கரிலிருந்து எண்ணெய் கொட்டினால், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை, கப்பல் உரிமையாளர்தான் பொறுப்பு, அதற்குக் கட்டாயக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அந்தப் பணம் போதாவிட்டால்? அதற்கும் 1971-ல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். 1992-ல் அதைப் பெரிதாக்கினார்கள். அந்த நிதிக்குப் பணம் கட்டுபவை எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கடல்வழியே எண்ணெய் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் பங்கு தர வேண்டும். சரக்கால் லாபம் பார்ப்பவர் அந்தச் சரக்கின் ஆபத்துக்கும் காசு கட்ட வேண்டும் என்ற எளிய நீதி. இந்தியாவும் இலங்கையும் இந்த நிதியில் உறுப்பினர்கள். இன்னொரு பக்கம், மார்போல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1973-ம் ஆண்டு ஒப்பந்தம் கப்பலிலிருந்து எதைக் கொட்டலாம், எதைக் கூடாது என்று வரையறுத்தது; 1990-களில் எண்ணெய்க் கப்பலுக்கு இரட்டைச் சுவர் கட்டாயமாயிற்று.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. டேங்கர் உரிமையாளர்களின் கூட்டமைப்பு வைத்திருக்கும் கணக்குப்படி, 700 டன்னுக்கு மேற்பட்ட பெரிய எண்ணெய்க் கசிவுகள் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக 24-க்கு மேல் நடந்தன. 2010-களில் ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவு. இத்தனைக்கும் கடலில் போகும் எண்ணெயின் அளவு இடையில் கூடியிருக்கிறது. பன்னாட்டு ஒப்பந்தம் என்றாலே வெறும் காகிதம் என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒப்பந்தம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் கெட்டியாகப் படிந்த எண்ணெயை இளைஞர்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளியதைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எண்ணெயைப் பொறுத்தவரை ஒரு சட்டப் பதில் இருக்கிறது.

குருணைக்கு அந்தப் பதில் இல்லை. ஏன்? கடலில் போகும் ஆபத்தான சரக்குகளுக்கு ஒரு பன்னாட்டுப் பட்டியல் உண்டு. அமிலம், வெடிபொருள், தீப்பற்றும் திரவம் போன்றவை அதில் வரும். எந்தப் பெட்டியில் அடைக்க வேண்டும், கப்பலில் எங்கே வைக்க வேண்டும், மேலே என்ன அடையாளம் ஒட்ட வேண்டும் என்றெல்லாம் அந்தப் பட்டியல் சொல்லும். குருணை வெடிக்காது, எரிக்காமல் எரியாது, தோலைப் பொசுக்காது. எனவே அது பட்டியலில் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது அரிசி மூட்டை மாதிரி சாதாரணச் சரக்கு. மேல்தட்டில் வெளி ஓரத்தில் வைத்தாலும் கேட்பாரில்லை. கடல் கொந்தளித்தால் முதலில் விழுவது அந்த ஓரம்தான். 2023 டிசம்பரில் போர்ச்சுகலுக்கு அருகே டோக்கோனாவ் என்ற கப்பலிலிருந்து ஆறு கன்டெய்னர்கள் விழுந்தன. அதில் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குருணை மூட்டைகள். அடுத்த மாதம் ஸ்பெயினின் கலீசியாக் கரை வெளுத்தது.

எக்ஸ்-பிரஸ் பேர்லுக்குப் பிறகு, குருணையை ஆபத்தான சரக்காக அறிவிக்க வேண்டும் என்று இலங்கை பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் கேட்டது. அந்த அமைப்பு 2024-ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது: குருணையைக் கிழியாத உறையில் கட்டுங்கள், உள்ளே இருப்பது இதுதான் என்று சரக்குச் சீட்டில் எழுதுங்கள், முடிந்தவரை கப்பலின் உள்ளே, அல்லது ஓரம் விட்டு உட்புறமாக வையுங்கள். மூன்றும் நல்ல யோசனை. மூன்றுமே யோசனை மட்டும்தான். செய்யாவிட்டால் தண்டனை இல்லை. எல்சா 3 மூழ்கியது இந்த வழிகாட்டுதல் வந்த மறு ஆண்டு. கடலில் கன்டெய்னர் விழுந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்ற விதி மட்டும் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல் தன் எல்லைக்குள் குருணைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது; கலீசியா அதற்கு ஒரு காரணம். எண்ணெய் நிதி மாதிரியே ரசாயனச் சரக்குகளுக்கும் நஷ்டஈடு தர 1996-ல் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள், 2010-ல் திருத்தினார்கள். எக்ஸ்-பிரஸ் பேர்ல், எல்சா 3 ஆகிய இரண்டு விபத்தின்போதும் அது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

கசியும் கன்டெய்னரை இறக்கவிடாத விஷயமும் இப்படித்தான். ஆபத்தில் இருக்கும் கப்பலுக்கு ஒதுங்க இடம் கொடுப்பது பற்றி 2003 முதல் வழிகாட்டுதல் இருக்கிறது. 2002-ல் ஸ்பெயின் கரையில் ஒதுங்க விடாமல் விரட்டப்பட்ட பிரெஸ்டீஜ் என்ற டேங்கர் நடுக்கடலில் இரண்டாகப் பிளந்து அதே ஸ்பெயினின் கரையை நாசமாக்கிய பிறகு எழுதியது. அதுவும் கட்டாயமில்லை. தன் துறைமுகத்துக்கு ஆபத்து வேண்டாம் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பு. எல்லோரும் கை விரித்தால் ஆபத்து போய்விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகிறது. 2021-ல் அது கொழும்புக்குப் போனது.

கடலில் சேரும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி கப்பலிலிருந்து வருவதல்ல, நிலத்திலிருந்து ஆறு வழியாக வருவது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010-ல் மட்டும் 48 லட்சம் டன் முதல் 1.27 கோடி டன் வரை நிலத்திலிருந்து கடலுக்குப் போயிருக்கும் என்று 2015-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இதற்காகத்தான் 2022 மார்ச் 2 அன்று நைரோபியில் 175 நாடுகள் கூடி, பிளாஸ்டிக் மாசுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தை 2024 முடிவதற்குள் எழுதுவோம் என்று தீர்மானம் போட்டன. உருகுவேயில் தொடங்கி பாரிஸ், நைரோபி, ஒட்டாவா, பூசான் என்று பேச்சு நடந்தது. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியும் உடன்பாடில்லாமல் கலைந்தார்கள். முட்டுக்கட்டை ஒரே இடத்தில்: பிளாஸ்டிக் உற்பத்திக்கே உலக அளவில் உச்சவரம்பு வேண்டும் என்கிறது நார்வேயும் ருவாண்டாவும் முன்னின்று நடத்தும் அணி. குப்பையை மட்டும் கவனிப்போம், உற்பத்தியைத் தொடாதீர்கள் என்கின்றன எண்ணெய் வள நாடுகள். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் எதையும் ஆதரிக்க இயலாது என்று பூசானில் இந்தியாவும் சொன்னது. வளரும் நாட்டின் தொழிலும் வேலைவாய்ப்பும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் குழாயைத் திறந்துவிட்டுத் தரையை மட்டும் துடைத்துக்கொண்டே இருப்பது எத்தனை நாளைக்கு? இந்தியா இந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பெரிய சண்டை தீர எத்தனை ஆண்டு ஆகுமோ. குருணை அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இங்கே உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விலைக்கு விற்று வாங்குபவருக்கு அனுப்பும் சரக்கு இது; கடலில் விழுந்தால் விற்றவருக்கும் நஷ்டம்தான். பட்டியலில் சேர்ப்பது, உள்ளே வைப்பது, கட்டாயக் காப்பீடு, குருணை அனுப்பும் நிறுவனங்கள் பங்கு கட்டும் ஒரு நிதி. எல்லாமே எண்ணெய்க்கு ஏற்கெனவே செய்து பார்த்துப் பலன் கண்டவை.

பக்கத்து நாடுகள் தங்களுக்குள் செய்யக்கூடியதும் உண்டு. 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் எல்லைக் கோட்டை வரைந்துகொண்டன. குருணை அந்தக் கோட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்தோம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான் ஐந்தும் சேர்ந்து 1995-ல் தென்னாசியக் கடல்களுக்கான செயல்திட்டம் ஒன்றை ஏற்றன; அதை நடத்தும் அமைப்பின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. எண்ணெய், ரசாயனக் கசிவுகளில் ஒத்துழைக்க அந்த அமைப்போடு ஓர் ஒப்பந்தம் செய்ய இந்திய அமைச்சரவை 2018-ல் ஒப்புதல் தந்தது. ஒத்துழைப்பு நடக்கவும் செய்கிறது. 2020 செப்டம்பரில் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெயோடு பாரதீப்புக்கு வந்துகொண்டிருந்த நியூ டயமண்ட் என்ற கப்பல் இலங்கையின் கிழக்கே தீப்பிடித்தபோது, இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து சில நாட்களில் தீயை அணைத்தன. சரக்கு எண்ணெய் கடலில் கலக்கவில்லை. நடக்காமல் போன பேரழிவு என்பதால் அது நம் நினைவில் தங்கவில்லை. அந்த ஏற்பாட்டில் எண்ணெய், ரசாயனம் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குருணை என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். கொச்சியில் ஒரு கப்பல் சாய்ந்த அன்றே, அதில் எத்தனை மூட்டைக் குருணை, காற்று எந்தப் பக்கம், எத்தனை நாளில் மன்னாருக்கு வரும் என்ற தகவல் இலங்கைக்குப் போக வேண்டும். மணிகள் கரைக்கு வந்த பிறகு சல்லடை தேடுவதைவிட, மூட்டை கிழியுமுன் கடலிலேயே பிடிப்பது எவ்வளவோ எளிது.

கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டையோ குருணையோ ஒதுங்கினால் மணலில் புதைக்காதீர்கள், கொளுத்தாதீர்கள், வெறுங்கையால் அள்ளாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். கன்டெய்னர் ஒதுங்கினால் கிட்டேயே போக வேண்டாம்; உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மூட்டையின்மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரும் எண்ணும் தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். நாளைக்கு நஷ்டஈட்டு வழக்கில், இந்தக் குருணை இந்தக் கப்பலிலிருந்துதான் வந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சியாகும். எடுத்தவுடன் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லுங்கள்.